காகிதத்தைப் பார்த்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளர் டான் ராதரின் வளர்ச்சியையும் சரிவையும் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். கடலூரிலும் புதுச்சேரியிலும் தொலைக்காட்சிச் செய்தி வேலையில் நெடுங்காலம் இருப்பவர்கள் நாங்கள். களத்தில் மைக் பிடிப்பவர், கேமரா பிடிப்பவர், சென்னை டெஸ்க்கில் (செய்தியைத் திருத்தி ஒளிபரப்புக்கு அனுப்பும் பிரிவில்) எழுதி ஓய்ந்தவர் என மூன்று தரப்பும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலில் இரண்டு திருத்தங்கள். ராதரை சி.பி.எஸ். தொலைக்காட்சி பணிநீக்கம் செய்ததாகக் கட்டுரை சொல்கிறது. அவர் பணிநீக்கம் செய்யப்படவில்லை. 2004 நவம்பரில் தாமே விலகலை அறிவித்து, 2005 மார்ச் 9 அன்று மாலைச் செய்தி நாற்காலியிலிருந்து எழுந்தார். நிறுவனத்தை விட்டு வெளியேறியது 2006 ஜூனில். இரண்டாவது, 2004-இல் ராதர் ஒளிபரப்பிய, அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் பழைய படைப்பணி பற்றிய ஆவணங்கள் போலி என்று விசாரணைக் குழு தீர்ப்பளித்ததாக எழுதியிருக்கிறீர்கள். குழு அப்படிச் சொல்லவில்லை. அவை உண்மையானவை என்று சி.பி.எஸ். நிறுவவில்லை, நிறுவாமலே ஒளிபரப்பிவிட்டது என்றுதான் சொன்னது. ராதரோ அந்தச் செய்தியின் சாரம் உண்மை என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறார். இந்த வேறுபாடு சின்ன விஷயம் இல்லை. எங்கள் தொழிலில் பலபேர் விழுந்தது இந்த இடைவெளியில்தான்.

தலைக்கனம்தான் அவரைச் சாய்த்தது என்பது கட்டுரையாளரின் முடிவு. தலைக்கனம் இருந்தது, மறுக்கவில்லை. 1987 செப்டம்பரில், டென்னிஸ் ஆட்டம் நீண்டு தன் செய்தி நேரத்தைத் தின்கிறது என்று கோபித்துக்கொண்டு அரங்கை விட்டு எழுந்து போனவர் அவர். ஆட்டம் சட்டென முடிந்தபோது நாற்காலியில் ஆளில்லை. நாடு முழுவதும் ஆறு நிமிடம் திரை இருண்டு கிடந்தது. அதற்குப் பிறகும் 17 ஆண்டுகள் அதே நாற்காலியில் அவர் இருந்தார் என்பதையும் கட்டுரையாளர் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். ஆணவத்துக்காக ஒரு நிருபரை வீட்டுக்கு அனுப்புவதென்றால் சேனல்களில் பாதிப்பேர் மிஞ்சமாட்டார்கள்.

அவர் மேலே வந்த வழி எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியும். அது புயல் வழி. 1961 செப்டம்பரில் கார்லா சூறாவளி டெக்சாஸ் கரையை நோக்கி வந்தபோது ராதர் ஹூஸ்டனில் ஒரு உள்ளூர் நிலையத்தில் இருந்தார். கால்வெஸ்டன் வானிலை அலுவலகத்தின் ராடார் திரையைக் கேமராவில் காட்ட அனுமதி வாங்கினார். அதன்மேல் கடற்கரை வரைபடத்தை வைத்துக் காட்டியதும், புயல் எவ்வளவு பெரியது என்பது பார்த்தவர்களுக்குச் சட்டென உறைத்தது. மறு ஆண்டே சி.பி.எஸ். அவரை எடுத்துக்கொண்டது. 1963 நவம்பரில் கென்னடி சுடப்பட்ட அன்று டல்லாஸில் இருந்தார். அங்கிருந்து வெள்ளை மாளிகை, வியட்நாம், மறுபடி வெள்ளை மாளிகை. 1974-இல் நிக்சன் ஒரு பொதுமேடையில் 'நீங்கள் எதற்காவது போட்டியிடுகிறீர்களா?' என்று கிண்டலாகக் கேட்க, 'இல்லை, நீங்கள்?' என்று திருப்பிக் கேட்டவர். 1981 மார்ச்சில், மாலைச் செய்தியை வழங்கிவந்த வால்டர் க்ரான்கைட்டின் இடம் அவருக்கு வந்தது. 1988-இல் மூத்த புஷ்ஷை நேரலையில் வைத்து நெருக்கியதால், 2004-இல் மகன் புஷ் மீது செய்தி போட்டபோது 'பழைய பகை' என்ற பேச்சுக்கும் இடம் கிடைத்தது.

கடலூரில் 2011 டிசம்பர் 30 விடியலில் ‘தானே’ புயல் கரையேறியபோது தேவனாம்பட்டினத்திலிருந்தும் தாழங்குடாவிலிருந்தும் படம் அனுப்பியவர்களை டெஸ்க்குகள் அதன்பிறகு பெயர் சொல்லி அழைத்தன. புயலில் நின்றவருக்குத் தேர்தல் தருகிறார்கள். தேர்தலில் சமாளித்தவருக்குக் கட்சி பீட் (தொடர்ந்து கவனிக்கும் செய்திக் களம்). ஆனால் புயல் பொய் சொல்லாது. அது எங்கே நிற்கிறது என்பதை அதுவே காட்டிவிடும். அரசியலில் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு அனுப்புநர் இருக்கிறார், அவருக்கு ஒரு தேவை இருக்கிறது. இந்த மாற்றத்துக்கு யாரும் பயிற்சி தருவதில்லை.

இனி 2004. செய்தி இதுதான்: ஜார்ஜ் புஷ் 1970-களின் தொடக்கத்தில் டெக்சாஸ் விமானத் தேசியக் காவற்படையில் பணியாற்றியபோது மருத்துவப் பரிசோதனைக்கு வரும்படி இட்ட உத்தரவை மதிக்கவில்லை, அவருடைய மதிப்பீட்டை மெருகேற்றும்படி மேலிடத்திலிருந்து நெருக்கடி வந்தது என்று அவருடைய அதிகாரி லெப்டினன்ட் கர்னல் ஜெர்ரி கில்லியன் எழுதிவைத்ததாகச் சில குறிப்புகள். கில்லியன் 1984-இலேயே இறந்துவிட்டார். குறிப்புகளைக் கொடுத்தவர் பில் பர்கெட் என்ற ஓய்வுபெற்ற காவற்படை அதிகாரி, புஷ் தரப்போடு பழைய மனக்கசப்பு உள்ளவர். வந்தவை அனைத்தும் நகல்கள். மூலம் எங்கே என்றால், எரித்துவிட்டேன் என்பது அவர் பின்னால் சொன்ன பதில். யாரிடமிருந்து வாங்கினார் என்ற கேள்விக்கு முதலில் ஒரு பெயர், பிறகு வேறொரு பெயர்.

நாட்களைக் கவனியுங்கள். முதல் இரண்டு காகிதங்கள் தயாரிப்பாளர் மேரி மேப்ஸ் கைக்கு வந்தது செப்டம்பர் 2. மற்றவை 5-ஆம் தேதி. ஒளிபரப்பு 8-ஆம் தேதி இரவு. இந்த ஒரு வாரத்தில் ராதர் எங்கே இருந்தார்? நியூயார்க்கில் குடியரசுக் கட்சி மாநாடு, அடுத்து ஃப்ளோரிடாவில் ஃபிரான்சிஸ் சூறாவளி, அடுத்து கிளின்டனின் இதய அறுவைச் சிகிச்சைச் செய்தி. காகிதத்தைச் சரிபார்க்கும் வேலை பெரும்பாலும் அவர் இல்லாமல்தான் நடந்தது. ஆனால் நாட்டுக்கு அதைச் சொன்ன முகம் அவருடையது. சரிவின் காரணத்தை இந்த ஒரு வாரத்தில் தேட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

சரிபார்ப்பு எப்படி நடந்தது என்பதும் பாடமாகப் படிக்க வேண்டியது. நான்கு ஆவண நிபுணர்களிடம் காட்டினார்கள். அதில் இருவர் ஒளிபரப்புக்கு முன்பே சந்தேகம் எழுப்பினார்கள். சி.பி.எஸ். நம்பி நின்ற நிபுணர் கையெழுத்தைப் பற்றித்தான் பேசினார், காகிதம் முழுவதைப் பற்றி அல்ல. நகலில் உள்ள கையெழுத்தை வைத்து ஒரு ஆவணம் அசல் என்று யாராலும் சொல்ல முடியாது. வேறொரு தாளிலிருந்து எடுத்து ஒட்டி நகலெடுத்தாலும் கையெழுத்து சரியாகத்தான் தெரியும். அடுத்து, கில்லியனின் மேலதிகாரியாக இருந்த மேஜர் ஜெனரல் பாபி ஹாட்ஜஸிடம் குறிப்புகளைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார்கள். அவர் ஒத்துப்போனதாக எழுதிக்கொண்டார்கள். ஒளிபரப்புக்குப் பின் காகிதத்தைக் கண்ணால் பார்த்தவர், கையால் எழுதிய குறிப்பு என்று நினைத்திருந்தேன், இது போலி என்றார். மூன்றாவதாக, ஒளிபரப்பு நாள் காலையில் வெள்ளை மாளிகைக்கு நகல்களை அனுப்பி நேர்காணல் எடுத்தார்கள். அங்கிருந்த அதிகாரி ஆவணங்களைச் சந்தேகிக்கவில்லை. அதையே உறுதிப்பாடு என்று கொண்டார்கள். சில மணி நேரத்துக்கு முன் கைக்கு வந்த, முப்பது ஆண்டு பழைய காகிதத்தை அவர் எப்படி மறுக்க முடியும்? மறுக்காமல் இருப்பது ஒப்புக்கொள்வது ஆகாது. எங்கள் பக்கத்திலும் மாவட்டச் செயலாளர் ஒருவர் 'தலைமை முடிவு செய்யும்' என்றால் 'மறுக்கவில்லை' என்று பிளேட் (திரையில் வரும் எழுத்துப் பட்டை) ஓடுகிறது.

ஒளிபரப்பான இரவே எழுத்துரு பற்றிய கேள்வி வந்துவிட்டது. 1972-இல் சாதாரண அலுவலகத் தட்டச்சுப்பொறியில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். இந்தக் காகிதங்களில் எழுத்துக்கேற்ப அகலம் மாறியது. எண்ணுக்கு மேலே சின்னதாக ஏறி நிற்கும் எழுத்துகளும் இருந்தன. மைக்ரோசாஃப்ட் வேர்டில் எதையும் மாற்றாமல் அதே வரிகளை அடித்தால் ஏறக்குறைய அப்படியே பொருந்துவதைப் பலர் செய்து காட்டினார்கள். அப்படி அடிக்கக்கூடிய பொறிகள் அந்தக் காலத்திலும் இருந்தன என்பது எதிர்வாதம். இருந்தன. ஆனால் அந்த அலுவலகத்தில் இருந்ததா என்பதைக் கேட்டுவிட்டல்லவா போட்டிருக்க வேண்டும்?

இங்கேதான் இரண்டாவது தவறு, எங்கள் கணக்கில் முதல் தவறைவிடப் பெரியது. 12 நாள் சி.பி.எஸ். தன் செய்தியைத் தாங்கிப்பிடித்தது. கில்லியனின் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த 86 வயது அம்மையாரை அழைத்துவந்து பேசவைத்தார்கள். இவற்றை நான் அடிக்கவில்லை, ஆனால் உள்ளே உள்ள விஷயம் உண்மைதான் என்றார் அவர். காகிதம் மெய்யா என்பது கேள்வியாக இருக்க, விஷயம் மெய்யா என்று கேள்வியையே மாற்றிவிட்டார்கள். செப்டம்பர் 20-இல்தான், ஆவணங்களை எங்களால் நிரூபிக்க முடியவில்லை, போட்டிருக்கக் கூடாது என்ற அறிக்கை வந்தது. முதல் நாளே அது வந்திருந்தால் ராதர் தம் 25-ஆம் ஆண்டை அந்த நாற்காலியிலேயே முடித்திருக்கலாம். இது எங்கள் ஊகம்.

முன்னாள் அட்டர்னி ஜெனரல் டிக் தார்ன்பர்க், அசோசியேட்டட் பிரஸ் முன்னாள் தலைவர் லூயி பொக்கார்டி ஆகிய இருவர் குழு 224 பக்க அறிக்கை கொடுத்தது. 2005 ஜனவரி 10 அன்று வெளியானது. மேப்ஸ் பணிநீக்கம், மேலே இருந்த மூவர் ராஜினாமா செய்யும்படி சொல்லப்பட்டார்கள். அரசியல் சார்புதான் காரணம் என்று குழு முடிவு செய்யவில்லை. அவசரம்தான் என்றது. ஆனால் மேப்ஸ் பர்கெட்டுக்காக எதிர்த்தரப்பு வேட்பாளர் கெர்ரியின் பிரசார ஆளைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியதைக் கண்டித்தது. செய்தி தருபவருக்குத் தரகு வேலை பார்த்தால், பிறகு எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் எடுபடாது. ராதர் 2007-இல் 7 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், 2009-இல் தள்ளுபடியானது. 2024 ஏப்ரலில்தான் மறுபடி சி.பி.எஸ். திரையில், அதுவும் ஒரு ஞாயிறு நேர்காணலில், அவர் முகம் தெரிந்தது.

பிரையன் ராஸ் கதையைக் கட்டுரை தொடவில்லை. எங்களைக் கேட்டால் அது இன்னும் பயனுள்ளது. ஏ.பி.சி. தொலைக்காட்சியின் தலைமைப் புலனாய்வுச் செய்தியாளர், விருதுகள் குவித்தவர். 2001-இல் கடிதங்களில் வந்த ஆந்த்ராக்ஸ் கிருமித் தூளில் ஈராக்கைச் சுட்டும் பென்டோனைட் என்ற களிமண் பொருள் இருப்பதாகச் சொன்னார், இல்லை. 2010-இல் டொயோட்டா கார் தானாக வேகமெடுக்கும் செய்தியில், நின்றிருந்த காரில் எடுத்த எஞ்சின் வேக முள் காட்சியை ஓடும் காரின் காட்சிக்கு நடுவே ஒட்டியிருந்தது தெரியவந்தது. 2012-இல் கொலராடோ திரையரங்குத் துப்பாக்கிச் சூடு நடந்த காலையில், அதே பெயருடைய வேறொருவரை ஒரு அரசியல் குழுவோடு இணைத்துப் பேசினார். 2017 டிசம்பர் 1 அன்று, டிரம்ப் வேட்பாளராக இருந்தபோதே ரஷ்யர்களைத் தொடர்புகொள்ளும்படி தனக்கு உத்தரவிட்டார் என்று டிரம்பின் முன்னாள் பாதுகாப்பு ஆலோசகர் மைக்கேல் ஃபிளின் சாட்சி சொல்லப்போவதாக நேரலையில் சொன்னார். ஆதாரம் ஃபிளினுக்கு நெருங்கிய ஒரே ஒருவர். உண்மையில் அந்த உத்தரவு தேர்தலில் வென்ற பிறகு. அன்று பங்குச் சந்தைக் குறியீடு 300 புள்ளிக்கு மேல் இறங்கியது. மறுநாள் சம்பளமில்லாமல் நான்கு வார இடைநீக்கம், 2018 ஜூலையில் நிறுவனத்தை விட்டு விலகல். 'வேட்பாளர்', 'வென்றவர்' என்ற இரண்டு நிலைகளுக்கு நடுவே ஒரே ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதியைக் கேட்கவில்லை. முந்தைய தவறுகளுக்குப் பின்னும் நேரலைக்குப் போகும் முன் இன்னொருவர் படிக்க வேண்டும் என்ற விதி அவர் மேசைக்கு மட்டும் எட்டவில்லை போலும்.

சரி, அமெரிக்காவை விடுவோம். எங்கள் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. அங்கே பார்க்காதவர் பேசினார். இங்கே பார்த்தவர் சொன்னது பேசப்படுவதில்லை, ஆனால் விழுவது பார்த்தவர்தான்.

மாவட்டத்தில் இருப்பவரில் பெரும்பாலோர் ஸ்ட்ரிங்கர்கள். மாதச் சம்பளம் இல்லை, ஒளிபரப்பான செய்திக்குத்தான் கணக்கு. கேமரா, வண்டி, டேட்டா எல்லாம் சொந்தச் செலவு. சேனல் கொடுப்பது அடையாள அட்டையும் லோகோ மைக்கும். நியமன ஆணை பலரிடம் இருக்காது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1955-ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் நாளிதழ்களை வைத்து எழுதப்பட்டது, தொலைக்காட்சிக்காரர் அதில் வரவில்லை. செய்தி போகும் பாதை இது: ஸ்ட்ரிங்கர் காட்சிகளையும் பைட்டையும் (பேட்டித் துண்டையும்) சர்வரில் ஏற்றுவார், நாலைந்து வரி ஸ்கிரிப்ட்டை வாட்ஸ்அப் குழுவில் போடுவார். செய்தியை வாங்கும் இன்புட் டெஸ்க் எடுத்து, ஒளிபரப்பைக் கவனிக்கும் அவுட்புட்டுக்குத் தள்ளும். துணையாசிரியர் வாய்ஸ் ஓவருக்கு எழுதுவார், கிராபிக்ஸில் இருப்பவர் பிரேக்கிங் பிளேட் அடிப்பார். நான்கு கை மாறுகிறது. களத்தில் இருந்தவர் தன் செய்தி எப்படிப் போனது என்பதைத் திரையில்தான் பார்க்கிறார், அதுவும் கரண்ட் இருந்தால்.

பிளேட்டில் ஐந்தாறு சொல்தான் நிற்கும். 'ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. இருவர் விலகக்கூடும் என எதிர்க்கட்சி வட்டாரத்தில் பேச்சு' என்று ஸ்ட்ரிங்கர் எழுதுகிறார். தமிழில் யார் சொன்னது என்பது வாக்கியத்தின் வாலில் வருகிறது. இடம் போதாமல் வெட்டும்போது முதலில் போவது வால். மிஞ்சுவது 'ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. இருவர் விலகல்'. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, கட்டத்தின் அகலம் செய்தது. மறுநாள் அந்த எம்.எல்.ஏ.வின் ஆட்கள் தேடிவருவது கிராபிக்ஸ்காரரை அல்ல. இதற்கு ஒரு வழி உண்டு, சில டெஸ்க்குகள் கடைப்பிடிக்கின்றன: ஆதாரத்தை வரியின் தலையில் வைப்பது. 'எதிர்க்கட்சி தகவல்:' என்று தொடங்கினால் வெட்டினாலும் அது நிற்கும். பாராட்ட வேண்டிய வழக்கம்.

புதுச்சேரி பீட் எவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டியது என்பதற்கு 2021 பிப்ரவரி போதும். பேரவையில் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர் 30 பேர், மத்திய அரசு நியமிப்பது 3 பேர், ஆக 33. அடுத்தடுத்த ராஜினாமாக்களால் அவை 26 ஆகச் சுருங்கியது. அரசுப் பக்கம் 12, எதிர்ப்பக்கம் 14. அந்த 14-இல் நியமன உறுப்பினர் மூவரும் அடக்கம். நியமன உறுப்பினருக்கு ஓட்டு உண்டா என்பதை 2018 டிசம்பர் 6-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்துவிட்டது. பட்ஜெட்டிலும் நம்பிக்கை வாக்கிலும் உண்டு. இதைப் படிக்காமல் 30-ஐ வைத்து வகுத்தவருக்கும், 33-ஐ வைத்து வகுத்தவருக்கும், 26-ஐ வைத்து வகுத்தவருக்கும் பெரும்பான்மை எண் வெவ்வேறாக வந்தது. சரியான வகுபடு எண் அன்றைக்கு அவையில் இருப்பவர் எண்ணிக்கை. அது மணிக்கு மணி மாறக்கூடியது. கடிதம் கொடுத்தால் ராஜினாமா முடிந்துவிடாது, சபாநாயகர் ஏற்க வேண்டும். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளாத நிருபரின் கணக்கு ஒன்று குறையும் அல்லது கூடும். 22-ஆம் தேதி முதல்வர் நாராயணசாமி நம்பிக்கைத் தீர்மானத்தின் மீது பேசிவிட்டு வாக்கெடுப்புக்கு முன்பே வெளிநடப்புச் செய்தார், தீர்மானம் தோற்றதாகச் சபாநாயகர் அறிவித்தார். வெளியே வந்தவரைப் பார்த்ததும் 'ராஜினாமா' என்று அடிப்பதா, 'அரசு கவிழ்ந்தது' என்று அடிப்பதா? இரண்டும் வேறு. அன்று பேரவை, ராஜ்நிவாஸ் (துணைநிலை ஆளுநர் மாளிகை) இரண்டும் பாரதி பூங்காவைச் சுற்றித்தான் இருந்தன. நடந்தே போய் ஒவ்வொன்றாக உறுதிசெய்ய முடியும் ஊரில்கூட, நடக்காமல் பேசியவர்கள் உண்டு.

வாக்கு எண்ணும் நாள் இன்னொரு கண்ணி. பொதுவாக ஒரு தொகுதிக்கு 14 மேசை, 14 இயந்திரம் எண்ணினால் ஒரு சுற்று. 8 மணிக்குத் தபால் வாக்கு, அரை மணி கழித்து இயந்திரங்கள். அறைக்குள் முகவரிடம் கைபேசி இருக்காது. கம்பி வலைக்குப் பின்னாலிருந்து எண்ணைக் குறித்துச் சீட்டு வெளியே வரும். கட்சிக்காரர் அதைக் கூட்டி நிருபரிடம் சொல்வார். தனக்குச் சாதகமான மேசைகளின் சீட்டு முதலில் வரும், மற்றது மெதுவாக வரும். தேர்தல் அதிகாரி சுற்று முடிவை அறிவித்துக் கையெழுத்திட்ட தாள் ஊடக அறைக்கு வருவது அதற்குப் பின்னால். எங்கள் மாவட்டத்துக்காரர் இதில் யாருக்கும் பாடம் சொல்லலாம். 2016-இல் காட்டுமன்னார்கோவிலில் வித்தியாசம் 87 வாக்கு. 2019 மக்களவைத் தேர்தலில் சிதம்பரம் தொகுதியில் 3,219. இரண்டு இடத்திலும் கடைசிச் சுற்றுக்கு முன் 'வெற்றி' என்று அடிப்பது சூதாட்டம். சூதில் ஜெயித்தால் 'முதன்முதலில் சொன்னது நாங்கள்' என்று சேனல் சொல்லிக்கொள்ளும். தோற்றால் மாவட்ட நிருபர் கொடுத்த தவறான தகவல்.

காகிதம் சரிபார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் ராதர் விழுந்த குழி இப்போது தினமும் வாட்ஸ்அப்பில் வருகிறது. அரசுக் கடிதம் ஒன்று படமாக வந்தால் முதலில் ந.க. எண்ணும் (கோப்பு எண்) நாளும். அந்த நாள் ஞாயிறா, அரசு விடுமுறையா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அடுத்து, கையெழுத்துப் போட்டவர் அந்தத் தேதியில் அந்தப் பதவியில் இருந்தாரா. மாறுதலாகிப் போனவரின் கையெழுத்தோடு எத்தனையோ கடிதங்கள் சுற்றுகின்றன. பிறகு பெறுநர் பட்டியல்: அசல் கடிதத்தில் நகல் யார் யாருக்கு என்று இருக்கும். அவர்களில் ஒருவரிடம் 'உங்களுக்கு வந்ததா?' என்று கேட்கலாம். கொடுத்தவரிடமே திரும்பக் கேட்பது இரண்டாம் உறுதிப்பாடு ஆகாது. கொடுத்தவர் சொல்லி அறிந்த இன்னொருவரிடம் கேட்பதும் ஆகாது, இதுதான் பலருக்குப் புரிவதில்லை. ஒரே கட்சியின் நகரச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், இளைஞரணி என மூன்று பேர் சொன்னாலும், மூவருக்கும் அது ஒரே குழுவிலிருந்து வந்திருந்தால் ஆதாரம் ஒன்றுதான்.

எழுத்துருவும் பேசும். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். அதற்கு முன் அலுவலகங்களில் ஆளுக்கொரு எழுத்துரு. நிர்மலா எழுத்துரு விண்டோஸ் 8-உடன் 2012-இல் வந்தது. 2005 தேதியிட்ட கடிதம் நிர்மலாவில் இருந்தால் அதற்குமேல் நிபுணர் வேண்டாம். கையெழுத்திட்டவர் உயிரோடு இருந்தால் தொலைபேசியில் வாசிக்காமல் நேரில் போய்த் தாளைக் காட்டுங்கள். அவர் முகத்தைக் கேமராவில் எடுக்காவிட்டாலும், காட்டிய நேரத்தையும் அவர் சொன்ன பதிலையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். மூலத் தாள் கிடைக்காது என்றால், அசலைப் பார்க்கவில்லை என்பதையும் செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும். டெஸ்க் அந்த வரியை வெட்டினால், வெட்டியது தெரிவதற்கு அனுப்பிய ஸ்கிரிப்ட்டின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துவைத்துக்கொள்வது ஸ்ட்ரிங்கருக்கு ஒரே காப்பு. குழுவில் போட்டது போதும் என்று இருக்காதீர்கள். செய்தி தவறானால் முதலில் நடப்பது குழுவிலிருந்து நீக்கம்.

ஆமாம், எங்கள் ஊரில் சரிவு அப்படித்தான் நடக்கிறது. 224 பக்க அறிக்கை கிடையாது. குழுவிலிருந்து நீக்குவார்கள், பிறகு லோகோவை அடுத்தவரிடம் கொடுக்கச் சொல்லி ஒரு தொலைபேசி, அதற்குள் ஆட்சியர் அலுவலகச் செய்தித் தொடர்புப் பிரிவில் புது ஆள் பெயர் போயிருக்கும். என்ன தவறு, எந்தக் கட்டத்தில், யார் கையில் நடந்தது என்று ஒரு தாள்கூட எழுதப்படாது. அதனால் அதே தவறு அடுத்த மாதம் அடுத்தவர் பெயரில் நடக்கிறது. ராதரின் சரிவைப் பற்றி இருபது ஆண்டு கழித்தும் நாம் தேதி வாரியாகப் பேச முடிகிறதே, அந்த நிறுவனம் தன்மீது தானே நடத்திய விசாரணையைப் பொதுவில் வைத்ததால்தான். தங்கள் நாளிதழின் லோகோ மைக்கும் இப்போது அரசியல்வாதிகள் முன்னால் நீட்டப்படும் கொத்தில் இருக்கிறது. தங்கள் இணையக் காணொலிப் பிரிவில் திருத்தம் போடும்போது, பிழை எந்தக் கையில் நுழைந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

வாசகர்களுக்கும் ஒன்று. தொலைக்காட்சி மீது பிரஸ் கவுன்சிலுக்கு எழுதிப் பயனில்லை, அதன் எல்லை அச்சு ஊடகம். 2021-இல் திருத்திய கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதிலும், 15 நாளில் முடிவும் தர வேண்டியது அவர்கள் கடமை. திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகலாம். செய்திச் சேனல்களின் தர ஆணையத்துக்குப் போகக்கூடிய புகாராக இருந்தால், ஒளிபரப்பான 7 நாளுக்குள் சேனலுக்கு முதல் கடிதம் போயிருக்க வேண்டும். ஒளிபரப்பின் பதிவைச் சேனல் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. யூடியூபில் கிடக்கும் துண்டை வைத்துப் புகார் எழுதாதீர்கள், அதில் பிளேட் வேறாக இருக்கும். திரையின் மூலையில் நேரம் தெரியும்படி கைபேசியில் ஒரு படம், தேதி, நிகழ்ச்சியின் பெயர், பிளேட்டில் இருந்த வரி அப்படியே. இந்த நான்கும் இருந்தால் டெஸ்க்கில் இருப்பவர் பதிவைத் தேடி எடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. புகாரில் மாவட்ட நிருபரின் பெயரை மட்டும் எழுதாமல், அந்த வரியை ஒளிபரப்ப ஒப்புதல் கொடுத்தவர் யார் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தொலைக்காட்சிச் செய்தியாளர்கள், ஒளிப்பதிவாளர்கள் சிலர்,
கடலூர் – புதுச்சேரி